எது நனையக் கூடாது என்று முதலில் முடிவு செய்வோம்

அமெரிக்காவில் வேலை பார்க்கும் மகனையோ மகளையோ பார்க்கப் போகும் பெற்றோரின் பயணத் திட்டத்தில் ஃபுளோரிடாவின் ஆர்லாண்டோ நகரம் பெரும்பாலும் இடம்பிடித்துவிடுகிறது. டிஸ்னி, யுனிவர்சல் என்று பெரிய தீம் பார்க்குகள் வரிசையாக இருக்கும் ஊர் அது. புறப்படும் முன்பே வீட்டில் ஒரு கேள்வி எழும்: தண்ணீர் ரைடில் ஏறி நனையாமல் இறங்க முடியுமா? போய்வந்தவர்களைக் கேட்டால் ஆளுக்கொரு பதில். முன்வரிசையில் உட்காராதே என்பார் ஒருவர். எங்கே உட்கார்ந்தாலும் தப்ப முடியாது என்பார் இன்னொருவர். ஒரு மழை அங்கி போதும், சொட்டு நீர் படாது என்பார் மூன்றாமவர். மூவர் சொல்வதும் உண்மையாக இருக்கலாம். அவர்கள் ஏறியது வெவ்வேறு வகை ரைடு, அவ்வளவுதான். அந்த வகைகளைப் பிரித்துப் பார்த்தால் குழப்பத்தில் பாதி தீர்ந்துவிடும்.

அதற்கு முன் இதை ஏன் இவ்வளவு யோசிக்க வேண்டும் என்று சொல்லிவிடுகிறேன். நம் ஊரில் தண்ணீர் விளையாட்டு என்றால் பெரும்பாலும் சறுக்குக் குழாயும் அலைக்குளமும்தான். அங்கே நனைவதற்கென்றே போகிறோம். நைலான் உடைக்கு மாறி இறங்குகிறோம், முடிந்ததும் உலர்ந்த உடைக்குத் திரும்புகிறோம். தீம் பார்க் தண்ணீர் ரைடு வேறு மாதிரி. காலையில் போட்ட சட்டை, பேண்ட், ஷூவோடு படகில் ஏறுகிறோம். இறங்கிய பிறகு அதே உடையில் வரிசைகளில் நிற்க வேண்டும், ஏசி அரங்கில் உட்கார வேண்டும், பல கிலோமீட்டர் நடக்க வேண்டும். நனைய சில நொடிகள் போதும், அதன் அவதி அரை நாளுக்கு நீளும். வயதானவர்களும் சிறு குழந்தைகளும் உடன் வரும் குடும்பத்துக்கு இது சின்ன விஷயம் இல்லை.

தண்ணீர் ரைடுகளை நான்காகப் பிரிக்கலாம். முதல் வகை, மெதுவாக மிதந்து செல்லும் படகு. 1964-ல் தொடங்கிய நியூயார்க் உலகக் கண்காட்சிக்காக டிஸ்னி உருவாக்கிய ‘இட்ஸ் எ ஸ்மால் வேர்ல்டு’ இந்த வகை. 1967-ல் கலிஃபோர்னியாவின் டிஸ்னிலேண்டில் திறந்த ‘பைரேட்ஸ் ஆஃப் தி கரீபியன்’ ரைடில் சிறு சரிவுகளும் உண்டு. இவற்றில் சில துளிகள் தெறிக்கலாம். பாட்டியும் கைக்குழந்தையும் தாராளமாக ஏறலாம்.

இரண்டாவது, குடைந்த மரக்கட்டை வடிவில் இருக்கும் சிறு படகு. குறுகலான கால்வாயில் வளைந்து வளைந்து ஓடி, கடைசியில் செங்குத்தான சரிவில் விழும். டெக்சாஸில் சிக்ஸ் ஃப்ளாக்ஸ் பூங்காவில் 1963-ல் ஆரோ டெவலப்மென்ட் நிறுவனம் அமைத்த ‘எல் அசெர்ராடெரோ’ இதன் முன்னோடி. டிஸ்னியின் புகழ்பெற்ற ‘ஸ்பிளாஷ் மவுண்டன்’ இந்த வகைதான். அமெரிக்காவில் இருந்த இரண்டும் கதையும் அலங்காரமும் மாறி, 2024-ல் ‘டியானாஸ் பயூ அட்வென்ச்சர்’ என்ற பெயரில் திறக்கப்பட்டன. சுமார் 50 அடிச் சரிவு அப்படியேதான் இருக்கிறது.

மூன்றாவது, இருபது பேருக்கு மேல் ஏற்றிக்கொண்டு பெரிய சரிவில் பாயும் அகலமான படகு. நான்கில் பழையது இதுதான். 1884-லேயே இல்லினாய் மாநிலத்தின் ராக் ஐலண்டில், தட்டையான அடிப்பாகம் கொண்ட படகைச் சரிவில் விட்டு ஆற்றில் பாய வைத்தார்கள். இன்று ஆர்லாண்டோவில் யுனிவர்சலின் ‘ஜுராசிக் பார்க் ரிவர் அட்வென்ச்சர்’ படகில் ஐந்து வரிசைகள், வரிசைக்கு ஐந்து பேர். கடைசிச் சரிவு 85 அடி.

நான்காவது வகையில்தான் ஷூவுக்குள் தண்ணீர் நிறையும். வட்டமான மிதவையில் எல்லோரும் நடுவைப் பார்த்து உட்கார்ந்திருப்பார்கள். ஒகேனக்கல் பரிசல் சுழல்வதுபோல அது தன் போக்கில் சுழன்றுகொண்டே பாய்ச்சலில் போகும். 1980-ல் ஹூஸ்டனின் ஆஸ்ட்ரோவேர்ல்டு பூங்காவில் வந்த ‘தண்டர் ரிவர்’ இவ்வகையில் முதலாவது. டிஸ்னியின் அனிமல் கிங்டமில் உள்ள ‘காளி ரிவர் ரேபிட்ஸ்’, யுனிவர்சலில் உள்ள ‘பாப்பாய் அண்ட் புளூட்டோஸ் பில்ஜ்ரேட் பார்ஜஸ்’ இரண்டும் இந்த இனம். பாப்பாய் ரைடுக்குப் பக்கத்தில் கப்பல் வடிவில் ஒரு விளையாட்டுத் தளம் இருக்கிறது. அங்கிருந்து குழந்தைகள் பீரங்கிக் குழாயைத் திருப்பி மிதவையில் வருபவர்கள் மேல் தண்ணீர் அடிப்பார்கள். அதில் ஏறிவிட்டு உலர்ந்து இறங்கலாம் என்ற எண்ணத்தையே விட்டுவிடுவது நல்லது.

இனி, தண்ணீர் நம்மேல் எப்படி வருகிறது என்று பார்ப்போம். மூன்று வழிகளில் வருகிறது.

முதல் வழி, சரிவின் அடியில் எழும் அலை. 85 அடி என்பது ஏறக்குறைய 26 மீட்டர். உராய்வைக் கணக்கில் எடுக்காவிட்டால் அந்த உயரத்திலிருந்து இறங்கும் படகு அடிக்கு வரும்போது மணிக்கு 80 கிலோமீட்டர் வேகத்தில் இருக்கும். 50 அடி என்றால் 60 கிலோமீட்டருக்குச் சற்று மேல். இந்த வேகத்தை எங்கேயாவது தொலைக்க வேண்டும். அதைத் தண்ணீரே வாங்கிக்கொள்கிறது. படகு தண்ணீரைத் தள்ளுகிறது, தண்ணீர் படகைத் தடுத்து நிறுத்துகிறது. எழும்பும் அலை பார்வைக்கு அழகு, படகுக்கு பிரேக். ஆகவே அலையே எழாத சரிவு என்று ஒன்றை எதிர்பார்க்க முடியாது. அலை எந்தப் பக்கம் போகும் என்பதைப் படகின் முகப்பு வடிவத்தை வைத்து ஓரளவு தீர்மானிக்கலாம். பல ரைடுகளில் தண்ணீர் விசிறிபோல இருபுறமும் விரியும்படி அமைத்திருக்கிறார்கள். வெளியிலிருந்து பார்ப்பவருக்குப் படகே மூழ்கிவிட்டதுபோலத் தெரியும், உள்ளே இருப்பவர்மேல் அவ்வளவு விழுந்திருக்காது. எதிரே பாலத்தில் நின்று படம் எடுப்பவர் படகில் வந்தவரைவிட அதிகமாக நனைவதும் உண்டு.

இரண்டாவது வழி, வேண்டுமென்றே வைத்த அருவிகளும் பீய்ச்சும் குழாய்களும். காளி ரிவர் ரேபிட்ஸில் ரைடு முடியப்போகிறது என்று நிம்மதியாகும் நேரத்தில், பாலத்தில் நிற்பவர்கள் ஒரு பொத்தானை அழுத்தினால் யானைச் சிலைகள் தும்பிக்கையால் தண்ணீர் பீய்ச்சும். எந்த இருக்கைக் கணக்கும் இதற்கு உதவாது.

மூன்றாவது வழியைப் பலர் யோசிப்பதில்லை. முந்தைய சுற்றில் விழுந்த தண்ணீர் இருக்கையின் பள்ளத்தில் தேங்கி நிற்கும், தரையில் சிறு குட்டையாக ஆடிக்கொண்டிருக்கும். அதன்மேல் உட்கார்ந்த உடனே, படகு கிளம்புவதற்குள், பேண்டின் பின்பக்கம் ஈரமாகிவிடும். கையடக்கமான துண்டு ஒன்றை வைத்திருந்து உட்காரும் முன் ஒரு முறை வழித்துவிட்டால் இதைப் பெருமளவு தவிர்க்கலாம்.

இதைப் புரிந்துகொண்டால் எந்த இருக்கை என்ற கேள்விக்கு விடை எளிது. சரிவில் விழும் படகுகளில் பொதுவாக முன்வரிசையும் ஓர இருக்கைகளும் அதிகம் நனையும், நடு வரிசையின் நடு இருக்கை குறைவாக நனையும். பாரமும் ஒரு காரணம். பாரம் கூடினால் படகு தண்ணீரில் ஆழமாக அமரும், விளிம்புக்கும் நீர்மட்டத்துக்கும் இடைவெளி குறையும். எடை அதிகமானவர்கள் முன்னால் உட்கார்ந்தால் முகப்பு இன்னும் ஆழமாகக் குத்தும். வட்ட மிதவையில் இந்தக் கணக்கு எதுவும் செல்லாது. ஏறும்போது அருவிக்கு எதிர்ப்பக்கம் இருந்தவர் இரண்டு திருப்பத்தில் அருவிக்கு நேர் கீழே வந்துவிடுவார். பெரிய இறக்கத்தில் யார் முதுகு கீழ்நோக்கி இருக்கிறதோ அவர்மேல்தான் அலை கொட்டும். அதை யாராலும் முன்கூட்டிச் சொல்ல முடியாது.

மழை அங்கியின் பயனும் ரைடின் வகையைப் பொறுத்ததே. மேலிருந்து விழும் தண்ணீருக்கு அது நல்ல தடுப்பு. சரிவுப் படகில் தோளும் சட்டையும் காப்பாற்றப்படும். தலைமூடி காற்றில் பின்னால் பறந்துவிடும் என்பதால் அதைத் தாடைக்குக் கீழ் முடிச்சுப் போட வேண்டும். அங்கியின் பின்பகுதியை உடம்புக்கு அடியில் விரித்து அதன்மேல் உட்கார வேண்டும், முன்பகுதியால் முழங்காலை மூட வேண்டும். மடியில் இறங்கும் பாதுகாப்புக் கம்பி சரியாக அமர்ந்திருப்பது ஊழியருக்குத் தெரிய வேண்டும், அதை அங்கியால் மறைக்கக் கூடாது. வட்ட மிதவையில் தண்ணீர் பக்கவாட்டிலும் காலடியிலும் வருவதால் அங்கி இடுப்புக்கு மேல் மட்டும்தான் காக்கும். பூங்காவுக்குள் வாங்கி ஒரே தடவையில் கிழித்தெறியும் மெல்லிய பிளாஸ்டிக்கைவிட, வீட்டிலிருந்தே கெட்டியான ஒன்றைக் கொண்டுபோவது பணத்துக்கும் நல்லது, குப்பையும் குறையும்.

ஆக, முழுசாக நனையாமல் வருவது எப்படி என்று கேட்பதைவிட, எது நனையக் கூடாது என்று கேட்பதே பயன் தரும். உடம்பு நனைந்தால் காய்ந்துவிடும். காயாதவையும் கெட்டுப்போகிறவையும் வேறு இருக்கின்றன. நம் பயணிகள் பலர் பாஸ்போர்ட்டை இடுப்புப் பையிலேயே வைத்திருப்பார்கள். அது லாக்கருக்கோ, ஏறாமல் நிற்கும் ஒருவர் கைக்கோ போக வேண்டும். மாத்திரைப் பட்டைகளும் அப்படியே. காதுகேட்கும் கருவி, இன்சுலின் பம்ப் போன்றவை பொருத்தியவர்கள் மருத்துவரிடம் முன்பே கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும், தெளிவில்லை என்றால் ஏறாமல் இருப்பதே சரி. தண்ணீர் புகாது என்று விற்கப்படும் செல்போனை நம்பிக் கையில் பிடித்துக்கொண்டு ஏறாதீர்கள். அந்தத் தரச்சான்று தேங்கிய நல்ல தண்ணீரில், புது போனை வைத்துச் செய்த சோதனைக்குத்தான். வேகமாக அடிக்கும் மருந்து கலந்த தண்ணீரும், ஓரத்தில் விரிசல் விட்ட பழைய போனும் அந்தக் கணக்கில் வராது.

பாதத்துக்குத் தனி கவனம் வேண்டும். ஈரமான சாக்ஸும் ஷூவும் போட்டு நடந்தால் தோல் ஊறி மெத்தென்று ஆகிவிடும், உரசும் இடத்தில் கொப்புளம் எழும். அடுத்த நாள் பயணமும் அதோடு கெட்டுவிடும். ஷூவையும் சாக்ஸையும் லாக்கரில் வைத்துவிட்டு, பின்னால் வார் உள்ள ரப்பர் செருப்பை மாட்டிக்கொண்டு ஏறுங்கள். வார் இல்லாத செருப்பைத் தண்ணீர் அடித்துக்கொண்டு போய்விடும். பருத்தி ஜீன்ஸ் தண்ணீரைக் குடித்துக் கனக்கும், மாலை வரை காயாது. பாலியஸ்டர் உடை சீக்கிரம் உலரும். டயப்பர் போட்ட குழந்தை நனைந்தால் டயப்பர் ஊதிக் குழந்தையின் தொடையை அறுக்கும், மாற்று டயப்பர் லாக்கரில் தயாராக இருக்க வேண்டும். ஒரு செட் உலர்ந்த உடையை ஜிப் வைத்த பிளாஸ்டிக் கவரில் போட்டு வைத்தால், திரும்பும்போது ஈரத் துணியை அதே கவரில் அடைத்துக்கொள்ளலாம்.

நேரமும் முக்கியம். ஆர்லாண்டோவின் கோடையில் காற்றில் ஈரப்பதம் அதிகம், நனைந்த உடை நம் கடலோர ஊர்களைப் போலவே மெதுவாகத்தான் காயும். டிசம்பர், ஜனவரியில் காலைக் குளிர் கடுமையாக இருக்கும், அப்போது நனைந்தால் நடுங்க வேண்டியதுதான். வெயில் ஏறிய நண்பகலிலோ, அறைக்குத் திரும்புவதற்குச் சற்று முன்போ ஏறினால் நனைவதால் வரும் தொல்லை குறையும். ஒரு ரைடு எவ்வளவு நனைக்கும் என்று தெரிந்துகொள்ள, வெளியே வரும் வழியில் கொஞ்ச நேரம் நில்லுங்கள். இறங்கி வருபவர்களின் ஷூவைப் பாருங்கள். தலைமுடியும் தோளும் மட்டும் ஈரமாக இருந்தால் மழை அங்கி போதும். நடக்கும்போது ஷூ சளக் சளக் என்றால் எந்த அங்கியும் உங்களைக் காப்பாற்றாது.

ஒன்றை மட்டும் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். அலைக்குப் பயந்து எழுந்து நிற்பதும், இருக்கையில் திரும்பிக் குனிவதும், பக்கத்து இருக்கைக்கு மாறுவதும் கூடாது. அந்தச் சமயத்தில் படகு குலுங்கினால் தலையும் பல்லும் கம்பியில் மோதும். 2000 நவம்பரில் ஃபுளோரிடாவின் ஸ்பிளாஷ் மவுண்டனில், உடல்நலமில்லை என்று சொல்லி ஓடும் படகிலிருந்து வெளியேற முயன்ற ஒருவர், பின்னால் வந்த படகு மோதி இறந்தார். துப்பட்டா, சேலைத் தலைப்பு போன்ற தொங்கும் துணி எதையும் இறுக்கமாகச் செருகிக்கொள்ளாமல் ஏறக் கூடாது. ஏறிய பிறகு நனைவதைத் தவிர்க்க முயல வேண்டாம். தவிர்க்க வேண்டியவர் ஏறும் முன்பே விலகிக்கொள்ள வேண்டும்.

அப்படி விலகுபவரைக் குடும்பம் மதிக்க வேண்டும் என்பதே என் வேண்டுகோள். இவ்வளவு தூரம் வந்துவிட்டு ஏறாமல் இருக்கலாமா என்று அம்மாவையோ மாமியாரையோ பிடித்து இழுப்பதைப் பார்க்கிறோம். உடம்போடு ஒட்டிய ஈரப் புடவையில், தெரியாத ஊரில், அத்தனை பேர் நடுவே மணிக்கணக்கில் நடப்பது அவருக்கு எவ்வளவு கூச்சத்தைத் தரும் என்று இழுப்பவர் யோசிப்பதில்லை. கைக்குழந்தையோடு வந்த தம்பதிக்கு டிஸ்னியில் ஒரு ஏற்பாடு உண்டு. ஒருவர் குழந்தையோடு நிற்க மற்றவர் போய்வரலாம், பிறகு முழு வரிசையிலும் மறுபடி நிற்காமல் அடுத்தவர் போகலாம். ஊழியரிடம் கேட்டால் வழி சொல்வார்.

ரைடின் அமைப்பை நாம் மாற்ற முடியாது. எதில் ஏறுவது, எப்போது ஏறுவது, எதையெல்லாம் வெளியே வைத்துவிட்டு ஏறுவது என்ற மூன்றும் நம் கையில் இருக்கின்றன. வரிசையில் சேரும் முன் ஐந்து நிமிடம் ஓரமாக நின்று இந்த மூன்றையும் பேசி முடித்துவிடுங்கள். அப்புறம் நனைந்தவருக்கும் வருத்தம் இராது, வெளியே நின்றவருக்கும் வருத்தம் இராது.