கையால் செய்த கோப்பை

மாறுவேடப் போட்டிக்குரிய பரிசுக் கோப்பையை வீட்டிலேயே செய்வதுதான் உசிதம் என்பது என் தீர்மானமான அபிப்பிராயம். அதிலும் அமெரிக்கர்கள் அக்டோபர் 31ஆம் தேதி இரவில் கொண்டாடும் ஹாலோவீன் விருந்துக்கு, கடையில் அடுக்கி வைத்திருக்கும் கோப்பைகளில் ஒன்றை வாங்கிவந்து மேஜைமேல் நிறுத்துவது, அந்த வைபவத்தின் சுபாவத்துக்கே ஒவ்வாத காரியமாகும்.

அறுவடை முடிந்து குளிர்காலம் தலையெடுக்கும் சந்தியில் அயர்லாந்திலும் ஸ்காட்லாந்திலும் பண்டைநாளில் அனுஷ்டித்த ஸாவின் என்னும் விழாவும், நவம்பர் 1ஆம் தேதி வரும் சகல புனிதர் திருநாளின் முன்னிரவும் ஒன்றோடொன்று கலந்து, 1840களின் உருளைக்கிழங்குப் பஞ்சத்தால் திரள்திரளாகக் கப்பலேறிய ஐரிஷ் ஏழைமக்களோடு அமெரிக்கக் கரையிலும் வேர்கொண்டன. சொந்த ஊரில் டர்னிப் கிழங்கைக் குடைந்து விளக்கேற்றியவர்கள், வந்த இடத்தில் பெருத்து விளைந்துகிடந்த பறங்கிக்காயைக் குடைந்தார்கள். கிழிந்த துணியையும் அடுப்புக்கரியையும் கொண்டே வேஷம் கட்டினார்கள். வாலிபர்களின் குறும்பு எல்லை மீறவே, அவர்களுடைய உற்சாகத்தை நல்வழியில் திருப்ப எண்ணிய மின்னசோட்டா மாநிலத்து அனோகா நகரப் பெரியவர்கள், 1920இல் ஊரே திரண்டு பார்க்கும் ஹாலோவீன் ஊர்வலம் ஒன்றை ஏற்பாடு செய்தார்கள். கைக்கு எட்டியதைக் கொண்டு புதிதாக ஒன்றைச் சிருஷ்டிப்பதே ஆதிமுதல் இப்பண்டிகையின் ஜீவன். பிற்காலத்தில் பென் கூப்பர் முதலான கம்பெனிகள் பிளாஸ்டிக் முகமூடியையும் அங்கியையும் பெட்டியிலடைத்து விற்கலாயின; ஆயினும், அட்டைப்பெட்டியை வெட்டி, வெள்ளித்தாள் ஒட்டி, தன் பிள்ளையை இயந்திர மனிதனாக்கி அனுப்பும் தாய்மார்கள் அந்நாட்டில் இன்றும் இருக்கிறார்கள். இரவெல்லாம் கண்விழித்துத் தைத்த அந்தப் பிரயாசைக்கு, எவர் கையும் படாத ஆலைச்சரக்கான கோப்பை எப்படி ஈடாகும்?

நியூ ஜெர்ஸியில் என் மகள் குடியிருக்கும் தெருவில், பக்கத்து வீட்டு அம்மையார் பரிசுக் கோப்பைகளைக் கையாலேயே செய்வதை அருகிலிருந்து பார்க்கும் பாக்கியம் எனக்கு வாய்த்தது. பழம்பொருள் கடையில் சொற்ப விலைக்குக் கிடைக்கும், எவரோ எந்தக் காலத்திலோ வென்று வீசிய விளையாட்டுக் கோப்பைகளே அவருக்கு மூலப்பொருள். பீடத்தின் அடிப்புறத்தில் இருக்கும் மறையைக் கழற்றினால், நடுவே ஊடுருவி நிற்கும் கம்பியோடு தூணும் பதுமையும் தனித்தனியே பிரிந்துவந்துவிடும். பந்தெறியும் வீரன் நின்ற இடத்தில், சூட்டில் உருகும் பசையைக் கொண்டு பிளாஸ்டிக் மண்டையோட்டையோ எலும்புக் கையையோ அவர் பதிப்பார். தெர்மோகோல் பறங்கிக்காயானால் மாத்திரம் விசேஷ ஜாக்கிரதை தேவை. டப்பாவிலிருந்து பீச்சும் வர்ணத்தில் உள்ள கரைப்பான் தெர்மோகோலை அரித்துக் குழியாக்கிவிடுமாதலால், முதலில் வெள்ளைப் பசையை இரண்டு முறை தடவி உலர்த்தி, அதன் பின்னரே பொன்வர்ணத்தைப் பூசவேண்டும். குளிர் மிகுந்தால் வர்ணம் சரிவரப் படியாது. ஆகையால் அக்டோபர் மாதத்து இளவெயில் விழும் பிற்பகலில், வாசலில் செய்தித்தாளை விரித்து, சற்றே எட்டநின்று மெல்லிய பூச்சுகளாய்ப் பீச்சுவார். எல்லாம் காய்ந்தபின் அவர் செய்த வேலைதான் என் மனத்தைக் கவர்ந்தது: கறுப்பு வர்ணத்தை நீரில் கரைத்து மண்டையோடு முழுவதும் தடவி, உடனே கந்தைத்துணியால் துடைத்தெடுத்தார்; மேட்டிலெல்லாம் பொன் மீண்டும் ஒளிர, கண்குழியிலும் பல்லிடுக்கிலும் மாத்திரம் கருமை தங்கி, நூறாண்டு மண்ணில் கிடந்த புதையல் ஒன்றைத் தோண்டி எடுத்தாற்போன்ற தோற்றம் வந்தது.

இவையெல்லாம் சிறுபிள்ளை விளையாட்டு என்று எண்ணுவோர், கிரிக்கெட் உலகில் மகத்தான கௌரவம் பெற்ற ஆஷஸ் தாழியை நினைத்துப் பார்க்கவேண்டும். 1882-83இல் ஆஸ்திரேலியா சென்ற இங்கிலாந்து அணியின் தலைவர் ஐவோ பிளைக்கு மெல்போர்ன் சீமாட்டிகள் சிலர் வேடிக்கையாய் அளித்த, அரையடிகூட உயரமில்லாத சுட்ட மண் பாத்திரமே அது. இன்றைக்கும் லார்ட்ஸ் மைதானத்து அருங்காட்சியகத்தில் பத்திரமாய் இருக்கிறது. இரண்டாம் உலகப்போரில் உலோகத் தட்டுப்பாடு நேர்ந்தபோது ஆஸ்கார் பதுமையையே மூன்றாண்டு காலம் சுண்ணச் சாந்தில் வார்த்து வர்ணம் பூசிக் கொடுத்தார்கள். பெற்றவர்கள் போருக்குப்பின் அதைக் கொடுத்துப் பொன்முலாம் பூசிய பதுமையை மாற்றிக்கொண்டார்கள் என்பது மெய்யே. ஆனால் சாந்துப் பதுமையைப் பெற்ற காலத்தில் அவர்களுடைய கீர்த்தி அணுவளவும் குறைந்திருக்கவில்லை.

அம்மையார் கோப்பை செய்த அந்த ஹாலோவீன் விருந்தன்று, சிறந்த வேஷங்களைத் தேர்ந்தெடுக்க வந்தவர்கள் அனைவரும் சீட்டெழுதிப் போட்டார்கள். பயங்கரமான வேஷம், சிரிப்பூட்டும் வேஷம், தம்பதி வேஷம் என்று பல பரிசுகள் இருந்தபோதிலும், வீட்டிலேயே செய்த வேஷத்துக்கென்றுதான் அம்மையார் தம் சிறந்த கோப்பையை ஒதுக்கிவைத்திருந்தார். அது சலவை இயந்திரமாய் வந்த ஒரு சிறுவனுக்குக் கிடைத்தது. வட்டக் கண்ணாடிக் கதவுக்குப் பின்னே உண்மையான காலுறைகள் தொங்கிய அட்டைப்பெட்டி அது. பையன் கோப்பையை வாங்கியதும் தலைகீழாய்க் கவிழ்த்து, அடியிலிருந்த மறையைத் திருகிப் பார்க்கத் தொடங்கிவிட்டான். அவன் தாயார் அருகே வந்து மண்டையோட்டை எந்தப் பசையால் பதித்தீர்கள் என்று வினவ, அந்த வட்டக் கதவை இவ்வளவு துல்லியமாய் வெட்டியது எப்படி என்று அம்மையார் எதிர்வினா தொடுக்க, இருவரும் அந்தச் சலவை இயந்திரத்தின் முன் மண்டியிட்டு, மூலைமூலையாய்த் தடவிப் பார்த்துப் பேசிக்கொண்டே இருந்தார்கள்.