குழாய்த் தண்ணீரும் தீர்த்தமும்

சிங்கப்பூருக்கும் லண்டனுக்கும் பிழைக்கப் போகும் நம் மக்கள், புறப்படுமுன் “அங்கே குழாய்த் தண்ணீரைக் குடிக்கலாமா?” என்று கேட்பது வழக்கமாயிருக்கிறது. தாராளமாய்க் குடிக்கலாம் என்பதுதான் பதில். ஆனால் நாம் கேட்க விரும்புவது வேறொரு கேள்வி. சென்னைப் பட்டினப்பாக்கத்தில் குடியிருக்கும் ஒருவன், தன் வீட்டுக் குழாய்த் தண்ணீரை அதுபோல் பயமின்றிக் குடிக்க ஏன் முடியவில்லை? வெள்ளைக்காரனுக்கு ஒரு தண்ணீரும் நமக்கு ஒரு தண்ணீருமாகவா இயற்கை அளித்திருக்கிறது?

லண்டனும் ஒரு காலத்தில் வாந்திபேதியால் செத்த ஊர்தான். 1854-ல் பிராட் தெரு பம்பில் தண்ணீர் எடுத்தவர்களே அதிகமாய்ச் செத்தார்கள் என்பதை, ஜான் ஸ்நோ என்ற வைத்தியர் வீடு வீடாய் விசாரித்துக் கண்டுபிடித்தார். ஜெர்மனியில் எல்பே ஆற்றங்கரையிலுள்ள ஹாம்பர்க் நகரம், ஆற்று நீரை வடிகட்டாமலே குழாயில் விட்டுக்கொண்டிருந்தது. 1892-ல் அங்கே எண்ணாயிரம் பேருக்கு மேல் மாண்டார்கள். ஒட்டினாற்போலிருந்த ஆல்டோனாவோ, ஹாம்பர்க்கின் சாக்கடை கலந்த கீழ்ப்பக்கத்து நீரையே எடுத்தது; ஆனால் மணலில் வடிகட்டி விட்டபடியால் பெரும்பாலும் தப்பிற்று. இரண்டு ஊருக்கும் ஆறு ஒன்று, மதம் ஒன்று, கடவுள் ஒன்று. வித்தியாசமெல்லாம் அந்த மணல் வடிகட்டிதான்.

நம் சென்னைக்கு வடிகட்டி இல்லாமலில்லை. செங்குன்றம் ஏரி நீர் 1872 முதல் நகருக்கு வருகிறது. 1914-ல் கீழ்ப்பாக்கத்து நீரேற்று நிலையம் வந்தது. 2013-ல் நெம்மேலியில் கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலை, நாளொன்றுக்கு 10 கோடி லிட்டர் என்ற திட்டத்தில் ஏற்பட்டது. அப்படியிருந்தும், இந்தியத் தர நிர்ணய அமைப்பு 2019-ல் பெருநகரங்களின் குழாய்த் தண்ணீரைச் சோதித்தபோது பம்பாய் மாதிரிகள் தேறின; சென்னை மாதிரிகள் தேறவில்லை.

சுத்தமாய்ப் புறப்பட்ட தண்ணீர் வழியில் கெடுவது எப்படி? குழாயில் எந்நேரமும் தண்ணீர் அழுத்தத்தோடு நின்றால், விரிசல் வழியே உள்ளிருப்பது வெளியே கசியுமேயொழிய, வெளியிலிருப்பது உள்ளே வராது. சில மணி நேரம் மட்டும் திறந்து மூடினாலோ குழாய் வெறுமையாகிறது. அப்போது பக்கத்துச் சாக்கடை நீர் விரிசல் வழியே உள்ளே புகுகிறது. அடிபம்பையும் மோட்டாரையும் வைத்து அதில் உறிஞ்சினால் கேட்கவேண்டியதில்லை. கடலோர உப்பு மண்ணில் இரும்பு துருப்பிடிப்பதும் யாவரும் அறிந்ததே. இதில் ஆத்தாள் கோபத்துக்கு இடமெங்கே? கூழ் ஊற்றினால் குழாயின் ஓட்டை அடைபடுமா?

நம் நாட்டார் சுத்தத்தை அறியாதவர்களல்ல. சுத்தத்தைத் தலைகீழாய் அறிந்தவர்கள். தண்ணீரில் என்ன கலந்திருக்கிறது என்று கேளாமல், அதை யார் தொட்டார்கள் என்று கேட்பவர்கள். 1927-ல் மகாட் ஊர்ப் பொதுக்குளத்தில் டாக்டர் அம்பேத்கரும் ஆயிரக்கணக்கான தாழ்த்தப்பட்ட மக்களும் தண்ணீர் குடித்தார்கள். உடனே மேல்ஜாதியார் சாணமும் மாட்டு மூத்திரமும் கலந்த பஞ்சகவ்யத்தை 108 குடம் ஊற்றி அக்குளத்தைச் “சுத்தம்” செய்தார்களாம்! அது பழங்கதையென்று தள்ளவும் வழியில்லை. 2022 டிசம்பரில் புதுக்கோட்டை ஜில்லா வேங்கைவயலில், தாழ்த்தப்பட்ட மக்கள் குடிக்கும் மேல்நிலைத் தொட்டியிலேயே மலம் கிடந்தது. குழந்தைகள் நோயில் விழுந்த பிறகே அது தெரியவந்தது. மனிதன் தொட்டால் தீட்டு, சாணம் கலந்தால் புனிதம் என்று நம்புகிற ஜனங்களிடம் சாக்கடை கலந்த குழாயைப்பற்றி ஆத்திரம் எப்படி வரும்?

“இந்த நாட்டில் அதெல்லாம் நடக்காது” என்பாருக்கு ஒன்று சொல்லுவோம். ஜகந்நாதர் குடியிருப்பதாய்ச் சொல்லப்படும் பூரி நகரிலேயே, 2021 ஜூலை முதல் குழாய்த் தண்ணீரை நேரே குடிக்கலாம் என்ற ஏற்பாடு தொடங்கப்பட்டது. ஜகந்நாதர் எத்தனையோ நூற்றாண்டாய் அங்கே இருந்தும் வராத நல்ல தண்ணீர், இருபத்துநாலு மணி நேர அழுத்தமும் ஓயாத சோதனையும் ஏற்பட்ட பிறகுதான் வந்தது.

இன்று வசதியுள்ளவன் கேன் தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டுச் சும்மாயிருக்கிறான். ஏழை, வரியையும் கொடுத்து, வைத்தியச் செலவையும் கொடுத்து, மேலும் தலைவிதி என்று தன்னையே நொந்துகொள்ளுகிறான். தோழர்களே! குழாய் நம்பத்தக்கதாகும் வரையில் தண்ணீரைத் தளதளவென்று கொதிக்கவைத்து, ஒரு நிமிஷம் கொதித்தபின் இறக்கி ஆற்றி, மூடிய பாத்திரத்தில் வைத்து, கைபடாமல் கரண்டியால் எடுத்துக் குடியுங்கள். ஆனால் அத்தோடு நின்றுவிடாதீர்கள். உங்கள் தெருக் குழாயில் குளோரின் எவ்வளவு, கடைசியாய்ச் சோதித்த நாள் எது, துருப்பிடித்த குழாயை மாற்றும் நாள் எது என்று எழுத்து மூலம் கேளுங்கள். கூட்டமாய்ப் போய்க் கேளுங்கள். பதில் வரும்வரை கேளுங்கள். தண்ணீருக்காகக் குடம் தூக்கி நிற்கும் பெண்களே இதில் முன்நிற்கவேண்டும்.

அயல்நாட்டில் பயமின்றிக் குடிக்கிற தமிழன் தன் சொந்த ஊரிலும் அப்படிக் குடிக்கும் நாள் எந்தத் தீர்த்தத்தாலும் வராது, கேட்பதால்தான் வரும்.