விரட்டினால் தீருமா குடிப்பழக்கம்?

ஆற்காடு நவாப் முஹம்மது அலி வாலாஜாவின் பெயரைத் தாங்கி நிற்கும் ஊர் வாலாஜாபாத். பாலாற்றங்கரையில் விவசாயத்தையும் நெசவையும் நம்பி வாழ்ந்த சுற்று வட்டாரம் இது. 1998-ல் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் கார்கள் உற்பத்தியாகத் தொடங்கின. 2010-ல் ஒரகடத்தில் ரெனால்ட் - நிஸ்ஸான் தொழிற்சாலை வந்தது. அதன்பின் வாலாஜாபாத் - வண்டலூர் சாலையின் முகமே மாறிப் போனது. விடியுமுன் நம்மூர் இளைஞர்களை ஏற்றிக்கொண்டு கம்பெனி பஸ்கள் ஒரகடம் நோக்கி ஓடுகின்றன. வேலை வந்தது, கையில் காசு வந்தது. கூடவே குடியும் வந்து சேர்ந்தது!

2003 நவம்பர் முதல் மதுவைச் சில்லறையாக விற்கும் பொறுப்பை அரசின் டாஸ்மாக் நிறுவனமே எடுத்துக் கொண்டது. 2023-24 நிதியாண்டில் மட்டும் மது விற்பனையால் அரசுக்குக் கிடைத்த வருவாய் 45,000 கோடி ரூபாய்க்கும் அதிகம். இந்தக் கோடிகள் யாருடைய சட்டைப் பையிலிருந்து வந்தவை? எட்டு மணி நேரம் இயந்திரத்தின் முன் நின்று கால் கடுக்க உழைத்தவனின் கூலியும் இதில் அடக்கம் இல்லையா?

மதுக்கடைகளை மூட வேண்டும் என்ற நமது கோரிக்கையில் எந்த மாற்றமும் இல்லை. ஆனால் இன்று நாம் பேச விரும்புவது வேறொரு கேள்வி. ஏற்கனவே குடிக்கு அடிமையாகி விட்டவனை என்ன செய்யப் போகிறோம்?

இப்போது நடப்பது என்ன? ஒப்பந்தத் தொழிலாளி ஒருவன் குடித்துவிட்டு வந்து பிடிபட்டால் கேட்டிலேயே அவன் கதை முடிந்தது. அடையாள அட்டையை வாங்கிக்கொண்டு அனுப்பி விடுவார்கள். நிரந்தரத் தொழிலாளிக்காவது விசாரணை உண்டு, சங்கம் உண்டு. ஒப்பந்தத் தொழிலாளிக்கு என்ன உண்டு? மறுநாள் அவன் இடத்தில் வேறொருவன் நிற்பான். வேலை போனவன் குடியை விட்டு விடுவானா? பகல் முழுவதும் சும்மா இருப்பவனுக்கு, 12 மணிக்குத் திறக்கும் கடைதானே போக்கிடம்! அவனைக் கரையில் பிடித்து வைத்திருந்த ஒரே கயிற்றையும் நாமே அறுத்து விட்டு, ‘பாருங்கள், மூழ்கி விட்டான்’ என்கிறோம்.

இது சரியான வழி இல்லை என்பதை ஆராய்ச்சியாளர்கள் நிரூபித்திருக்கிறார்கள்.

அமெரிக்காவின் வெர்மான்ட் பல்கலைக்கழகத்தில் ஸ்டீபன் ஹிக்கின்ஸ் என்பவரின் குழு, கோகைன் போதைக்கு அடிமையானவர்களிடம் ஒரு முறையைச் சோதித்தது. சிறுநீர்ச் சோதனையில் போதைப்பொருள் இல்லை என்று தெரிந்தால் இரண்டரை டாலர் மதிப்புள்ள ஒரு கூப்பன். அடுத்த முறையும் சுத்தமாக இருந்தால் கூப்பனின் மதிப்பு கூடும். இடையில் தவறினால் பழையபடி இரண்டரை டாலருக்கே இறங்கி விடும். கையில் பணம் தரப்படாது. வீட்டுக்குத் தேவையான பொருளாகத்தான் கிடைக்கும். 1994-ல் வெளியான இவர்களது ஆய்வில், கூப்பன் பெற்றவர்களில் 75 சதவிகிதம் பேர் 24 வாரச் சிகிச்சையை முழுமையாக முடித்தார்கள். கூப்பன் இல்லாமல் அதே சிகிச்சையைப் பெற்றவர்களில் முடித்தவர்கள் 40 சதவிகிதம் பேர்தான்.

பால்டிமோர் நகரின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கென்னத் சில்வர்மன் இன்னும் ஒரு படி மேலே சென்றார். வேலையையே மருந்தாக்கினார். ஹெராயின், கோகைன் போதையில் சிக்கி, வேலையும் இல்லாமல் இருந்த தாய்மார்களுக்கு ஒரு வேலைக்கூடத்தை அமைத்தார். தினமும் மூன்று மணி நேரம் கம்ப்யூட்டர் பயிற்சி, அதற்கு ஊதியம். நிபந்தனை ஒன்றுதான்: சோதனையில் சுத்தமாக இருந்தால் உள்ளே வரலாம். தவறினால் இன்று வேலை இல்லை, ஊதிய விகிதமும் குறையும். ஆனால் மறுபடி சுத்தமாக வந்தால் கதவு திறந்தே இருக்கும்! 40 பெண்களிடம் நடந்த இந்த ஆய்வின் முடிவு 2001-ல் வெளியானது. வேலைக்கூடத்தில் சேர்ந்தவர்களின் சோதனைகளில் 59 சதவிகிதம் போதையற்றவையாக இருந்தன. சேராதவர்களிடம் இது 33 சதவிகிதம்தான்.

இது ஏன் பலிக்கிறது? குடி தரும் சுகம் உடனே கிடைக்கிறது; அது தரும் கேடு பல ஆண்டுகள் கழித்து வருகிறது. ‘பத்து வருடத்தில் ஈரல் கெட்டு விடும்’ என்ற எச்சரிக்கை, இன்று மாலை நாக்கு வறண்டு நிற்பவன் காதில் ஏறாது. குடிக்காமல் இருந்ததற்கு இன்றே, இப்போதே ஒரு பலன் கையில் கிடைத்தால்தான் தராசின் மறு தட்டு இறங்கும்.

‘அதெல்லாம் அமெரிக்காவுக்குச் சரி, நம்மூருக்கு ஒத்து வருமா?’ என்று கேட்கலாம். சென்னையிலேயே நடந்திருக்கிறது! ஒய்.ஆர்.ஜி. கேர் நிறுவனத்தில் 2009-10-ல், எச்.ஐ.வி. தொற்றுக்கு ஆளான, போதை ஊசிப் பழக்கம் போன்றவற்றில் சிக்கிய 120 பேரிடம் ஓர் ஆய்வு நடத்தப்பட்டது. சிகிச்சைக்கு ஒழுங்காக வந்தவர்களுக்கு உணவுப் பொருள், வீட்டுச் சாமான் வாங்கிக் கொள்ளும் கூப்பன் தரப்பட்டது. கூப்பன் பெற்ற பிரிவில் 45 சதவிகிதம் பேர் கூட்டு மருந்து சாப்பிடத் தொடங்கினார்கள். மற்ற பிரிவில் 27 சதவிகிதம் பேர்தான். மாதாந்திர வருகையும் இரு மடங்குக்கு மேல் இருந்தது. அதே சமயம், உடலில் வைரஸைக் கட்டுப்படுத்துவதில் இரு பிரிவுக்கும் வேறுபாடு தெரியவில்லை என்பதையும் 2014-ல் வெளியான அந்த ஆய்வு மறைக்காமல் சொன்னது. கூப்பன் ஆளை வாசல் வரை கொண்டு வரும். அதன்பின் மருத்துவமும் கவனிப்பும் தொடர வேண்டும் என்பதே இதில் நமக்குப் பாடம்.

‘குடிகாரனுக்குப் பரிசா? குடிக்காமல் ஒழுங்காக இருப்பவன் ஏமாளியா?’ என்ற கோபம் பலருக்கும் வரும். அந்தக் கோபத்தில் நியாயம் இல்லாமல் இல்லை. ஆனால் ஒன்றைச் சிந்திக்க வேண்டும். கள்ளச்சாராயம் விற்றுத் திருந்தியவர்களுக்குக் கறவை மாடு வாங்கவும், பெட்டிக்கடை வைக்கவும் தமிழக அரசு மறுவாழ்வு நிதி வழங்கி வந்திருக்கிறது. நல்ல திட்டம்தான். விற்றவன் திருந்தக் காசு கொடுக்கலாம். குடித்தவன் திருந்தக் கொடுக்கக் கூடாதா? இது எந்த ஊர் நியாயம்?

இன்னொரு உண்மையும் உண்டு. ஊக்கத்தொகை நின்ற பிறகு பலர் பழைய பழக்கத்துக்கே திரும்பி விடுகிறார்கள் என்பதை இந்த ஆய்வுகளே ஒப்புக்கொள்கின்றன. அதனால்தான் கூப்பனை விட வேலை மேலானது. கூப்பன் சில மாதங்களில் முடிந்து விடும். வேலையோ ஆண்டுக்கணக்கில் நீடிக்கும்.

நாட்டின் நிலை என்ன? எய்ம்ஸ் மருத்துவமனையின் போதை சிகிச்சைப் பிரிவு நடத்திய தேசிய ஆய்வு 2019-ல் வெளியானது. இந்தியாவில் சுமார் 16 கோடிப் பேர் மது அருந்துகிறார்கள். மதுப் பிரச்சினைக்கு உதவி தேவைப்படுவோர் 5 கோடியே 70 லட்சம் பேர். குடிக்கு அடிமையானவர்களில் 38 பேருக்கு ஒருவர்தான் ஏதாவது ஒரு சிகிச்சை பெறுகிறார். மீதி 37 பேர்? அவர்களது மனைவி மக்களின் கண்ணீர்தான் பதில்!

கணவரைக் குடிக்குப் பறிகொடுத்த சாந்தி ரங்கநாதன் 1980-ல் சென்னையில் டி.டி. ரங்கநாதன் ஆராய்ச்சி அறக்கட்டளையைத் தொடங்கி, குடிநோயாளிகளுக்கு மருத்துவமனை கண்டார். மஞ்சக்குடி போன்ற கிராமங்களுக்கே சென்று, ஊராரின் துணையோடு சிகிச்சை முகாம்களும் நடத்தியது அந்த அமைப்பு. ஒரு தனி மனுஷியால் முடிந்தது, ஆயிரக்கணக்கான கோடிகள் புரளும் ஒரகடம் வட்டாரத்துக்கு முடியாதா?

நமது கோரிக்கைகள் இவைதான்:

தொழிற்சாலை நிர்வாகங்களே! குடித்து வந்தவனை இயந்திரத்தின் அருகே விடாதீர்கள். அது அவனுக்கும் ஆபத்து, மற்றவர்களுக்கும் ஆபத்து. ஆனால் முதல் முறையிலேயே ஆளை நீக்காதீர்கள். சிகிச்சைக்கு அனுப்புங்கள். திரும்பி வந்தவனுக்குத் தினமும் மூச்சுச் சோதனை செய்து வேலை கொடுங்கள். குடிக்காத ஒவ்வொரு மாதத்துக்கும் சிறு ஊக்கத்தொகை கொடுங்கள். ஒப்பந்தத் தொழிலாளிக்கும் இது பொருந்த வேண்டும்.

இதைச் சாக்காக வைத்து, உழைத்த நாளின் கூலியில் கை வைக்கக் கூடாது. உழைத்த கூலி அவன் உரிமை. ஊக்கத்தொகை அதற்கு மேல்தான் இருக்க வேண்டும். சோதனை முடிவை ஊரறியச் சொல்லி அவமானப்படுத்தவும் கூடாது.

ஆட்சியாளர்களே! 2025-ல் அரசு மருத்துவமனைகளில் 25 ‘கலங்கரை’ போதை மீட்பு மையங்கள் திறக்கப்பட்டன. வரவேற்கிறோம். அங்கிருந்து குணமாகி வெளியே வருபவனுக்கு எங்கே வேலை? மீட்பு மையத்தையும் வேலைவாய்ப்பையும் இணைக்கும் ஒரு முன்னோட்டத் திட்டத்தைக் காஞ்சிபுரம் மாவட்டத்தில் தொடங்குங்கள். மது விற்ற பணத்தில் ஒரு துளியை அதற்கு ஒதுக்குங்கள்.

சமுதாயச் சொந்தங்களே! மது ஹராம் என்பதில் நமக்கு இரண்டாவது கருத்து இல்லை. ஆனால் பாவத்தை வெறுக்கிறோம் என்று சொல்லி, விழுந்தவனை ஒதுக்கி வைத்தால் அவன் எங்கே போவான்? தலைகுனிவுக்குப் பயந்து பல குடும்பங்கள் நோயை மறைத்தே வைத்திருக்கின்றன. ஜமாஅத் நிர்வாகிகள் அந்த வீட்டுக் கதவை இரவில் போய் மெதுவாகத் தட்டட்டும். மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லட்டும். நாள்பட்டுக் குடித்தவன் திடீரென நிறுத்தினால் வலிப்பும் மனக்குழப்பமும் வந்து உயிருக்கே ஆபத்தாகலாம். எனவே மருத்துவரின் துணை கட்டாயம். 14446 என்ற இலவசத் தொலைபேசி எண்ணிலும் ஆலோசனை பெறலாம். மூன்று மாதம் குடிக்காமல் இருந்தவனுக்கு ஜமாஅத்தின் பொது நிதியிலிருந்து ஒரு தையல் மெஷினோ, தள்ளுவண்டியோ வாங்கிக் கொடுப்பது பெரிய செலவா? ஊரில் கடையும் பட்டறையும் வைத்திருக்கும் பெரியவர்கள் ஆளுக்கு ஒருவரை வேலைக்குச் சேர்த்துக் கொள்ளக் கூடாதா? நம் வீட்டுப் பிள்ளை, அடுத்த வீட்டுப் பிள்ளை என்று இதில் பிரித்துப் பார்க்கவும் வேண்டாம். குடி எந்தச் சமுதாயத்தையும் விட்டு வைக்கவில்லை.

வேலையை விட்டு விரட்டுவது சுலபம். ஒரு கையெழுத்து போதும். விரட்டப்பட்டவன் வீட்டில் இரவு என்ன நடக்கிறது என்பதை அவன் பிள்ளைகளிடம்தான் கேட்க வேண்டும். கையெழுத்துப் போடுமுன் ஒருமுறை சிந்திப்பார்களா?