பாட்டு கேட்டுச்சு, அப்பா குரல் கேக்கல

கல்யாணமோ, அறுபதாம் கல்யாணமோ, நினைவு நாளோ, இப்பல்லாம் ஒரு ஸ்லைடு ஷோ இல்லாம எதுவும் நடக்கிறதில்ல. அதுல சத்தம் வரலன்னா மொத்த ஹாலும் திரும்பி முறைக்கிறது ஒரே ஆளைத்தான். மூலையில மிக்ஸரோட உக்காந்திருக்கிற சவுண்டு சர்வீஸ்காரர். நானும் முறைச்சிருக்கேன். முறைச்சதோட நிக்கல, வாய்க்கு வந்தபடி பேசவும் செஞ்சேன். அதுக்குப் பிராயச்சித்தம்தான் இந்தப் பதிவுன்னு வெச்சுக்குங்க.

2018-ல அப்பாவோட முதல் வருஷ நினைவு நாள். சின்ன ஹால், சொந்தக்காரங்க, அப்பாவோட வேலை பார்த்தவங்கன்னு ஒரு நூறு பேர். ரெண்டு ராத்திரி கண்ணு முழிச்சு போட்டோவெல்லாம் ஸ்கேன் பண்ணி, பின்னணியில வீணை ஓடவிட்டு, பவர்பாயிண்ட்ல ஒரு ஸ்லைடு ஷோ செஞ்சிருந்தேன். கடைசி ஸ்லைடுல அப்பாவோட குரல். என் பொண்ணுக்கு சைக்கிள் கத்துக் குடுக்கும்போது செல்போன்ல பதிஞ்சது, நாப்பது செகண்டு. "கீழ பாக்காத, நேரா பாரு, நான் பிடிச்சிருக்கேன்"னு சொல்லிக்கிட்டே ஓடி வருவார். அம்மா அதைக் கேட்டதே இல்ல. முதல் வரிசையில உக்கார வெச்சிருந்தேன்.

காலையிலேயே டெஸ்ட் பண்ணினோம். முதல் ஸ்லைடு, வீணை கேட்டுச்சு. கொஞ்சம் சோகையா இருந்துச்சு, சரி ஹால் அப்படின்னு விட்டுட்டேன். "ஓகேவா சார்?" "ஓகே தம்பி." அவ்ளோதான் டெஸ்ட்.

சாயங்காலம் கடைசி ஸ்லைடு வந்துச்சு. ஸ்பீக்கர்ல ஒண்ணுமே இல்ல. லேப்டாப்ல ஆடியோ பட்டை நகருது, வால்யூம் நூறுல இருக்கு. அம்மா திரையையே பாத்துக்கிட்டு இருக்காங்க. நான் அந்தத் தம்பிகிட்ட கத்தினேன். என்ன கத்தினேன்னு இங்க எழுத வேணாம்.

விஷயம் இதான். லேப்டாப் ஹெட்ஃபோன் ஓட்டையில வர்றது ஸ்டீரியோ. இடது பக்கத்துக்கு ஒரு கம்பி, வலது பக்கத்துக்கு ஒரு கம்பி, பொதுவா ஒரு எர்த். மிக்ஸரோட மைக் இன்புட்டும் மூணு கம்பிதான், ஆனா அது வேற கணக்கு. ரெண்டு கம்பியில வர்றதையும் ஒண்ணுல இருந்து ஒண்ணு கழிச்சு, மிச்சத்தைத்தான் ஸ்பீக்கருக்கு அனுப்பும். நீளமான ஒயர்ல ரெண்டு கம்பியிலயும் ஒரே மாதிரி ஏறுற இரைச்சல் ஒழியறதுக்காக அந்த ஏற்பாடு. அருமையான ஏற்பாடுதான். ஆனா ஒரு முனையில ஹெட்ஃபோன் பின், மறு முனையில மைக் பின் இருக்கிற ஒயரை அதுல நேரா சொருகினா, இடதுல இருந்து வலதைக் கழிச்சிடும். வீணைப் பதிவுல இடதும் வலதும் கொஞ்சம் வேற வேற, அதனால ஏதோ மிச்சம் கேட்டுச்சு. செல்போன்ல பதிஞ்ச குரல் மோனோ, ரெண்டு பக்கமும் அச்சு அசலா ஒண்ணு. அஞ்சுல அஞ்சு போனா பூஜ்யம்!

ஒயர் அவரோடது, அப்ப தப்பு அவரோடதுதானேன்னு கேப்பீங்க. பாதி சரி. ஆனா அந்த ஸ்லைடு ஷோவுல எது முக்கியம்னு எனக்கு மட்டும்தான் தெரியும். முக்கியமில்லாத பாட்டைப் போட்டுப் பாத்து ஓகே சொன்னவன் நான். போட்டோ கலருக்கு ரெண்டு ராத்திரி, சத்தத்துக்கு ரெண்டு நிமிஷம். ஆடியோ சொதப்புற இடத்துல எல்லாம் பாருங்க, பெரும்பாலும் இந்தக் கணக்குதான் இருக்கும். என் கட்சி இதான்: செஞ்சவன்தான் பொறுப்பு, ஆபரேட்டர் இல்ல.

மத்த வியாதிகளும் அப்படித்தான். பவர்பாயிண்ட் 2007 வரைக்கும் எம்பி3 போட்டா பாட்டு ஃபைலுக்குள்ள போகாது, பாட்டு இருக்கிற முகவரி மட்டும்தான் போகும். பென் டிரைவ்ல பிபிடியை மட்டும் தூக்கிட்டுப் போய் நின்னவங்க கை தூக்குங்க (நானும்தான் ஹி ஹி). 2010-ல இருந்து ஃபைலுக்குள்ளயே பதிஞ்சிடுது, ஆனாலும் லிங்க் பண்ணற வசதி இன்னும் இருக்கு, தெரியாம அமுக்கிட்டா பழைய கதைதான். புரொஜக்டர்ல எச்டிஎம்ஐ சொருகினா விண்டோஸ் பல நேரம் சத்தத்தையும் புரொஜக்டருக்கே அனுப்பிடும். அங்க ஸ்பீக்கரே இல்லாமகூட இருக்கலாம். டாஸ்க்பார்ல ஸ்பீக்கர் படத்தை அமுக்கி எது வெளியீடுன்னு மாத்தினா போச்சு, பத்து செகண்டு வேலை. வாட்ஸ்அப்ல வந்த குரல் பதிவை அப்படியே போடாம எம்பி3 ஆக்கிப் போடுறது நல்லது.

இதெல்லாம் வீட்டுல ஹெட்ஃபோன் மாட்டிப் பாத்தா தெரியாது. அந்த ஹாலுக்குப் போய், அந்த ஒயர்ல, எந்த ஸ்லைடு முக்கியமோ அந்த ஸ்லைடையே ஓட விட்டு, கடைசி வரிசையில நின்னு கேக்கணும். குரல் முக்கியம்னா அதை ஸ்லைடுக்குள்ள மட்டும் பூட்டி வைக்கவும் கூடாது, தனி ஃபைலா போன்லயும் ஒண்ணு இருக்கணும்.

அன்னிக்கு என் போன்ல இருந்துச்சு, ஆனா கத்துற மும்முரத்துல எனக்கு அது ஞாபகமே வரல. திட்டு வாங்கின அந்தத் தம்பிதான், "சார், இது உங்க செல்லுல இருக்கா?"ன்னு கேட்டார். போனை வாங்கி, ஒரு மைக்கை அதோட ஸ்பீக்கர்கிட்ட பிடிச்சுக்கிட்டு ப்ளே பண்ணினார். கரகரன்னு வந்துச்சு. "நேரா பாரு, நான் பிடிச்சிருக்கேன்." அம்மா "இன்னொரு தடவ போடுப்பா"ன்னாங்க. மூணு தடவை போட்டார், அந்த ரெண்டு நிமிஷமும் கை அசையாம பிடிச்சுக்கிட்டு நின்னார்.

ஒயர் கணக்கை அப்புறமா எனக்குச் சொன்னது அவரோட முதலாளி. ஸ்டீரியோ பின்னுல இருந்து ரெண்டா பிரிஞ்சு மிக்ஸர்ல ரெண்டு சேனலுக்குப் போற ஒயர் வேணுமாம். இல்லன்னா டிஐ பாக்ஸ். ரெண்டும் இல்லாத அவசரத்துல விண்டோஸ் சவுண்டு செட்டிங்ல வலது பக்கத்தை பூஜ்யத்துக்கு இறக்கிட்டா போதும், கழிக்கிறதுக்கு ஒண்ணும் இருக்காது, குரல் வந்துடும். அந்தத் தம்பிகிட்ட மன்னிப்பு கேட்டேன். "பரவால்ல சார், எல்லாரும் திட்டுவாங்க"ன்னார்.

டிஸ்கி: ரெண்டா பிரியற ஒயர் இப்ப என் லேப்டாப் பையிலயே கிடக்கு. நம்ம ஊர்ப்பக்கம் யாருக்காவது விசேஷம்னா வாங்கிக்கிட்டுப் போங்க, திருப்பிக் குடுத்துடணும்.