பட்டியலில் இருக்கிறது, வீட்டில் இல்லை!

மின்சாரம் போய்த் திரும்பி வந்திருக்கிறது. பெண்ணுக்கு இன்னும் சற்று நேரத்தில் லாப்டாப்பில் பரீட்சை. வை-ஃபை பட்டியலைத் திறந்தால் உங்கள் வீட்டுப் பெயர் பளிச்சென்று இருக்கிறது. தொட்டால், "இணைக்க முடியவில்லை" என்கிறது. மறுபடி தொட்டாலும் அதே பல்லவிதான்.

உடனே வீட்டில் ஆளுக்கொரு யோசனை! "பழைய பாஸ்வேர்டை அழித்துவிடு" என்கிறார் அவர். "ரௌட்டருக்குப் பின்னால் சிறு துவாரம் இருக்கிறதே, அதில் ஊசியை விட்டு அழுத்து" என்கிறான் பையன். தயவுசெய்து பொறுங்கள். ஊசியை விட்டால் ரௌட்டருக்குள் எழுதி வைத்த பெயர், பாஸ்வேர்டு, கம்பெனிக்காரர் செய்துவிட்டுப் போன ஏற்பாடு எல்லாம் அழிந்து போகும். அப்புறம் அவர் வந்தால்தான் பரீட்சை!

சங்கதி இதுதான். ஓட்டல் கரும்பலகையில் "ரவா தோசை" என்று காலையில் எழுதியது மாலையிலும் இருக்கும். கேட்டால், "ஆகிவிட்டதே, அம்மா!" என்பார் சர்வர். வை-ஃபை பட்டியலும் அந்தக் கரும்பலகைதான்.

ரௌட்டர் விநாடிக்குச் சுமார் பத்துத் தடவை தன் பெயரைச் சொல்லிக்கொண்டே இருக்கிறது. அதைக் கேட்க, லாப்டாப் ஒவ்வோர் அலைவரிசையாகப் போய்க் காது கொடுக்க வேண்டும். 2.4 கிகாஹெர்ட்ஸில் மட்டும் நம் நாட்டில் 13 வரிசைகள். 5 கிகாஹெர்ட்ஸில் இன்னும் ஜாஸ்தி. இந்தச் சுற்றுக்குச் சில விநாடிகள் ஆகும், பாட்டரியும் செலவாகும். ஆகவே அடிக்கடி சுற்றாமல், முன்பு கேட்டதை ஞாபகம் வைத்துக் காட்டுகிறது.

ஆண்ட்ராய்டு போனில் இதற்குச் சட்டமே உண்டு. 2018-ல் வந்த ஆண்ட்ராய்டு 9 முதல், நாம் திறந்து வைத்திருக்கும் ஆப் இரண்டு நிமிஷத்தில் நான்கு தடவைதான் புதிதாகத் தேடச் சொல்லலாம். அதற்கு மேல் கேட்டால் பழைய பட்டியலே கிடைக்கும். சிக்னல் அளக்கும் ஆப்பைப் பிடித்துக்கொண்டு கூடத்திலிருந்து சமையலறைக்கு நடப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். அடுப்பருகே நிற்கும்போது அது காட்டுவது கூடத்துக் கணக்காக இருக்கலாம்!

சரி, என்ன செய்வது?

முதலில் ரௌட்டரின் விளக்கைப் பாருங்கள். மின்சாரம் வந்ததும் அது விழித்தெழ இரண்டு மூன்று நிமிஷம் கொடுங்கள். 5 கிகாஹெர்ட்ஸ் பெயர் இன்னும் தாமதமாக வரலாம். அதன் சில வரிசைகளில், பக்கத்தில் ராடார் இருக்கிறதா என்று ஒரு நிமிஷம் கேட்டுவிட்டுத்தான் ரௌட்டர் வாய் திறக்கும்.

அடுத்து, வீட்டிலுள்ள வேறு போனில் பாருங்கள். அதில் இணைந்தால் கோளாறு லாப்டாப்பில். எதிலும் இணையாவிட்டால் ரௌட்டரில்.

லாப்டாப்பில்தான் என்றால், வை-ஃபையை அணைத்துப் பத்து எண்ணிவிட்டுப் போடுங்கள். பெரும்பாலும் கரும்பலகை துடைக்கப்பட்டுவிடும். அதற்கும் மசியாவிட்டால் "ரீஸ்டார்ட்" கொடுங்கள். "ஷட் டவுன்" வேண்டாம். விண்டோஸ் 8 தொடங்கி, சீக்கிரம் எழுந்திருப்பதற்காக, ஷட் டவுன் செய்தாலும் விண்டோஸ் தன் உள் நிலையைச் சேமித்து வைத்துக்கொள்வது உண்டு. பழைய குழப்பமும் அதோடு திரும்பி வரும். ரீஸ்டார்ட்தான் முழுத் தலைமுழுக்கு.

பாஸ்வேர்டை அழிப்பது கடைசி உபாயம். அதுவும் பாஸ்வேர்டு எழுதிய சீட்டு கையில் இருந்தால் மட்டும். அந்தச் சீட்டு உங்கள் வீட்டில் எங்கே இருக்கிறது? இன்றைக்கே தேடி, அலமாரிக் கதவின் உட்புறம் ஒட்டிவிடுங்கள். பரீட்சைக்கு முதல் நாளே, போனின் ஹாட்ஸ்பாட்டில் லாப்டாப்பை ஒரு தடவை இணைத்துப் பழகிக்கொள்ளுங்கள். மின்சார இலாகா பரீட்சை அட்டவணையைப் பார்த்துவிட்டா விளக்கை அணைக்கிறது?