மண்டலக் கோடும் மக்களின் கேள்வியும்: பீன்யாவிலிருந்து டெல்டா வரை

பெங்களூருவின் வடமேற்கில் உள்ள பீன்யா, 1970களில் இருந்து தொழிற்பேட்டையாக வளர்த்தெடுக்கப்பட்ட பகுதி. நகரத் திட்ட வரைபடத்தில் அது தொழில் மண்டலம். உதிரிபாகப் பட்டறைகளும் முலாம் பூசும் பட்டறைகளும் அங்கு அமைவதற்கு மண்டல விதி தடையாக இல்லை. அவற்றுக்கென ஒதுக்கப்பட்ட இடமே அதுதான். எனினும் அங்குள்ள நிலத்தடி நீரில் குரோமியம் கலந்திருப்பதை ஆய்வுகள் திரும்பத் திரும்பக் காட்டியுள்ளன. மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 2009இல் வெளியிட்ட தொழிற்பகுதிகளின் மாசு மதிப்பீட்டில் பீன்யா கடும் மாசடைந்த பகுதிகளுள் ஒன்றாக இடம்பெற்றது. அப்பகுதியின் கழிவுநீரில் ஒரு பங்கு விருஷபாவதியில் இறங்கி, அர்க்காவதி வழியாகக் காவிரியைச் சேர்கிறது.

இதிலிருந்து பெறத்தக்க பாடம் ஒன்று உண்டு. மண்டல விதி ‘எங்கே’ என்ற ஒரு கேள்விக்கு மட்டுமே விடை தருகிறது. எவ்வளவு, எவ்வாறு, பாதிப்பு நேர்ந்தால் யார் பொறுப்பு என்ற கேள்விகளுக்கு விடை காண்பது சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டின் பணி. இந்தியச் சட்ட நடைமுறையோ முதல் விடையைக் காட்டி மற்றக் கேள்விகளைத் தவிர்க்கிறது. 2006ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கை, அங்கீகரிக்கப்பட்ட தொழிற்பேட்டைகளுக்குள் அமையும் திட்டங்களுக்கு மக்கள் கருத்துக்கேட்பிலிருந்து விலக்கு அளித்தது இதற்கு ஒரு சான்று.

அதே காவிரியின் கடைமடையில் கோடு எதிர்த்திசையில் போடப்பட்டது. 2020 பிப்ரவரியில் நிறைவேறிய தமிழ்நாடு பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டல மேம்பாட்டுச் சட்டம் தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம் மாவட்டங்களையும், கடலூர், புதுக்கோட்டை மாவட்டங்களில் தலா ஐந்து ஒன்றியங்களையும் பாதுகாக்கப்பட்ட மண்டலமாக்கியது. புதிய எண்ணெய், எரிவாயு ஆய்வும் துளையிடலும் எடுப்பும் அங்கே தடை செய்யப்பட்டன. நெடுவாசலிலும் கதிராமங்கலத்திலும் மக்கள் நடத்திய போராட்டங்களின் பயனான இச்சட்டத்தின் மதிப்பைக் குறைத்துரைக்க இயலாது. ஆனால் அதன் எல்லைகள் தெளிவானவை. ஏற்கெனவே நடைபெற்றுவரும் திட்டங்களை அது தொடவில்லை. திருச்சிராப்பள்ளி, அரியலூர், கரூர் மாவட்டங்கள் அதற்கு வெளியே நிற்கின்றன. நிலமும் வேளாண்மையும் அரசமைப்பின் மாநிலப் பட்டியலில் இருக்க, எண்ணெய் வயல்களை ஒழுங்குபடுத்தும் அதிகாரம் ஒன்றியப் பட்டியலின் 53ஆம் பதிவில் இருக்கிறது.

இச்சட்டம் நிறைவேறுவதற்கு ஒரு மாதம் முன்பு, 2020 ஜனவரி 16 அன்று, ஒன்றியச் சுற்றுச்சூழல் அமைச்சகம் 2006ஆம் ஆண்டின் அறிவிக்கையைத் திருத்தியது. நிலத்திலும் கடலிலும் நடக்கும் எண்ணெய், எரிவாயு ஆய்வுத் திட்டங்கள் அனைத்தும் ‘பி2’ வகைக்கு மாற்றப்பட்டன. அவ்வகைக்குத் தாக்க மதிப்பீட்டு அறிக்கையும் தேவையில்லை. மக்கள் கருத்துக்கேட்பும் தேவையில்லை. அனுமதி வழங்கும் பொறுப்பு மாநில அளவிலான ஆணையத்துக்கு வந்தது. ஒருபுறம் கோட்டுக்குள் தடை. மறுபுறம் கோட்டுக்கு வெளியே கேள்வியே இல்லை.

இதன் விளைவு 2025இல் வெளிப்பட்டது. பாதுகாக்கப்பட்ட மண்டலத்துக்கு வெளியே உள்ள இராமநாதபுரம் வட்டாரத்தில் 20 ஆய்வுக் கிணறுகள் தோண்ட ஓ.என்.ஜி.சி. நிறுவனத்துக்கு மாநிலச் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு ஆணையம் அனுமதி அளித்திருந்தது. செய்தி வெளியாகி எதிர்ப்பு எழுந்த பின்னர், அனுமதியைத் திரும்பப் பெறுமாறு மாநில அரசு ஆணையத்தை அறிவுறுத்தியது. மக்களிடம் முன்கூட்டியே கேட்டிருக்க வேண்டிய கேள்வி, முடிவுக்குப் பின்னர் அரசியல் நெருக்கடியாக வந்து சேர்ந்தது. அரசின் தலையீடு வரவேற்கத்தக்கதே; ஆயினும் ஓர் அமைச்சரவையின் விருப்பம் நடைமுறை உரிமைக்கு ஈடாகாது. அடுத்த அரசு வேறு அறிவுரை தரலாம்.

ஆய்வுக் கிணறு தற்காலிகமானது, சிறு நிலப்பரப்பையே கொள்வது, உற்பத்திக் கட்டத்தில் முழு மதிப்பீடு நடக்கத்தானே போகிறது என்பது எதிர்த்தரப்பு வாதம். கச்சா எண்ணெய்த் தேவையின் பெரும்பகுதியை இறக்குமதி செய்யும் நாட்டில் இதை எளிதில் ஒதுக்கிவிட முடியாது. ஆனால் ஆய்வுக் கிணறும் நன்னீர்ப் படுகைகளைத் துளைத்துக்கொண்டுதான் கீழே இறங்குகிறது. துளையிடு சேறும் கழிவும் அதிலிருந்தும் வெளிவருகின்றன. நிலத்தடி அழுத்தம் முதன்முதலாக அறியப்படும் இடமும் அதுவே. 2010 ஏப்ரல் 20 அன்று மெக்சிகோ வளைகுடாவில் வெடித்து 11 உயிர்களைப் பறித்த மக்கோண்டோ கிணறு ஓர் ஆய்வுக் கிணறுதான். மேலும், பெருந்தொகை செலவிட்டு எண்ணெய் இருப்பு உறுதியான பின்னர் நடத்தப்படும் கருத்துக்கேட்பில் ‘வேண்டாம்’ என்னும் விடைக்கு இடம் சுருங்கிவிடுகிறது. வழி இன்னும் திறந்திருக்கும்போது கேட்பதற்கே கேள்வி என்று பெயர்.

ஆகவே தேவைப்படுபவை மூன்று. ஆய்வுக் கட்டத்தை ‘பி2’ வகையிலிருந்து விடுவித்து, கருத்துக்கேட்பை மீட்டெடுக்க வேண்டும். தாக்கத்தைத் தனித்தனிக் கிணறாகவோ மனையாகவோ அளக்காமல், நிலத்தடி நீர்ப்படுகை முழுவதற்குமாக ஒருங்கே அளக்க வேண்டும். தொழில் மண்டலம், வேளாண் மண்டலம் என்ற எந்தப் பெயரும் மதிப்பீட்டுக்கு மாற்றாகாது என்பதைச் சட்டமே சொல்ல வேண்டும்.

பீன்யாவில் ‘இது தொழிலுக்கான இடம்’ என்ற சொல் கேள்வியை அடைத்தது. இராமநாதபுரத்தில் ‘இது பாதுகாக்கப்பட்ட இடமன்று’ என்ற நிலை அதையே செய்தது. இரண்டு இடங்களிலும் அந்த நீரை நம்பி வாழ்பவர்களிடம் யாரும் கேட்கவில்லை.