புது கம்ப்யூட்டர் வந்தாச்சு... பழசை எப்போது கொடுக்கலாம்?

விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவை 2025 அக்டோபர் 14-ம் தேதியோடு மைக்ரோசாஃப்ட் முடித்துக்கொண்டது. விண்டோஸ் 11 வேண்டுமென்றால், டி.பி.எம். 2.0 என்ற பாதுகாப்பு சிப்பும் ஓரளவு புதிய பிராசஸரும் இருக்க வேண்டும். 2017-க்கு முன்பு வாங்கிய லேப்டாப்களில் பெரும்பாலானவை இந்த விதிக்குள் வருவதில்லை. நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் கம்ப்யூட்டரைக்கூட மாற்ற வேண்டிய கட்டாயம் பல வீடுகளுக்கு வந்திருப்பது இதனால்தான்.

புதுசு வாங்கப் போகும்போது கடையில் கேட்கும் முதல் கேள்வி, ``பழசு இருக்கா? எக்ஸ்சேஞ்ச்ல கொடுத்துடலாமே!'' இரண்டாயிரமோ மூவாயிரமோ குறைகிறதே என்ற ஆசையில், முந்தின நாள் ராத்திரி அவசர அவசரமாக ஒரு பென் டிரைவில் எல்லாவற்றையும் அள்ளிப்போட்டு, மறுநாள் காலையில் பழசைக் கொடுத்துவிடுகிறார்கள். எது வரவில்லை என்பது மூன்று மாதம் கழித்து, வருமான வரிக் கணக்கு தாக்கல் செய்யும்போதோ, பாட்டியின் போட்டோவை பிரேம் போடத் தேடும்போதோதான் தெரியவரும். அப்போது அந்த ஹார்ட் டிஸ்க் எந்த ஊரில் யாரிடம் இருக்கிறதோ!

டேட்டாவை மாற்றுவது வீடு மாறுவதைப் போன்றது. கட்டிலும் பீரோவும் யார் கண்ணிலிருந்தும் தப்பாது. தப்புவது பரணில் கிடக்கும் பெட்டிதான். கம்ப்யூட்டரிலும் அப்படிச் சில பரண்கள் உண்டு.

பரணில் இருப்பவை எவை?

`டாக்குமென்ட்ஸ்', `பிக்சர்ஸ்' ஃபோல்டர்களை எல்லோரும் எடுத்துவிடுவார்கள். ஆனால், பெரும்பாலான வீடுகளில் முக்கியமான ஃபைல்கள் இருப்பது டெஸ்க்டாப்பிலும் `டவுன்லோட்ஸ்' ஃபோல்டரிலும்தான். இன்ஷூரன்ஸ் பாலிசி, பள்ளிக் கட்டண ரசீது, வில்லங்கச் சான்றிதழ் என இறக்கியதை இறக்கிய இடத்திலேயே விட்டுவைப்பதுதான் நம் வழக்கம். `டி' டிரைவ், `இ' டிரைவ் என்று ஹார்ட் டிஸ்க்கைப் பிரித்துவைத்திருந்தால், அவற்றையும் ஒருமுறை திறந்து பார்ப்பது அவசியம்.

மெயிலுக்கு அவுட்லுக் பயன்படுத்துபவர்களுக்கு, பழைய கடிதங்கள் பி.எஸ்.டி. என்ற ஒரே ஃபைலுக்குள் இருக்கலாம். சர்வரில் பிரதி இல்லாத பட்சத்தில், அந்த ஒரு ஃபைலை விட்டுவிட்டால் பத்து வருட மெயிலும் போய்விடும். பிரவுசரில் சேமித்த பாஸ்வேர்டுகளும் புக்மார்க்குகளும் எந்த ஃபோல்டரிலும் கண்ணுக்குத் தெரியாது. பிரவுசரில் தங்கள் கணக்கைக் கொண்டு உள்நுழைந்து, `சிங்க்' வசதி இயங்குகிறதா என்று பழைய கம்ப்யூட்டரிலேயே பார்த்துக்கொள்ள வேண்டும்.

வீட்டிலிருந்தபடி கடைக் கணக்கு எழுதுபவர்களுக்கு டேலி முக்கியம். அதிலேயே `பேக்கப்' வசதி உண்டு. டேட்டா ஃபோல்டரை முழுதாகவும் காப்பி செய்துகொள்ளலாம். கூடவே ஒரு வேலை இருக்கிறது. பழைய கம்ப்யூட்டரில் லைசென்ஸை `சரண்டர்' செய்துவிட்டுத்தான் புதிதில் ஆக்டிவேட் செய்ய வேண்டும். அதைச் செய்யாமல் பழசைக் கொடுத்துவிட்டால், லைசென்ஸை மீட்க அலைய வேண்டியிருக்கும். வேர்ட், எக்செல் போன்ற புரோகிராம்களையும் அப்படியே காப்பி செய்து கொண்டுவர முடியாது. புதிதாகத்தான் நிறுவ வேண்டும். எந்த மெயில் ஐ.டி-யில் வாங்கியது, கீ எங்கே என்று முன்பே எழுதிவைப்பது நல்லது.

ஒன் டிரைவ் பயன்படுத்துபவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. ஃபைல் பெயருக்குப் பக்கத்தில் மேகம் போன்ற சின்னம் இருந்தால், அந்த ஃபைல் கம்ப்யூட்டரில் இல்லை; இன்டர்நெட்டில் இருக்கிறது என்று அர்த்தம். அதை முதலில் இறக்கிக்கொண்ட பிறகே காப்பி செய்ய வேண்டும்.

தமிழ் ஃபைல்களுக்குத் தனி கவனம்

தமிழ் வீடுகளுக்கே உரிய சிக்கல் ஒன்று உண்டு. யூனிகோடு பரவலாவதற்கு முன்பு பாமினி, வானவில், ஸ்ரீலிபி என்று ஆளுக்கொரு எழுத்துருவில் டைப் செய்தோம். அந்த ஃபைல்களுக்குள் உண்மையில் இருப்பவை தமிழ் எழுத்துகள் அல்ல. ஆங்கில எழுத்துகளுக்கும் குறிகளுக்கும் மேல் தமிழ் உருவத்தைப் போர்த்தியிருக்கிறார்கள், அவ்வளவுதான். அந்த எழுத்துரு இல்லாத புது கம்ப்யூட்டரில் திறந்தால், போர்வை விலகி, ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாக ஏதோ கிறுக்கியதுபோல் தெரியும். ஃபைல் கெட்டுப்போய்விட்டது என்று நினைத்து அழித்துவிடுபவர்களும் இருக்கிறார்கள். அது கெடவில்லை, எழுத்துருதான் கூட வரவில்லை.

அப்பா டைப் செய்துவைத்த குடும்ப வரலாறு, கோயில் கும்பாபிஷேக மலருக்கான கட்டுரை, தாத்தா எழுதிய உயில் நகல், அம்மாவின் சமையல் குறிப்புகள்... எல்லாம் இப்படிப்பட்ட ஃபைல்களில்தான் இருக்கும். வழி எளிது. பழைய கம்ப்யூட்டரின் கன்ட்ரோல் பேனலில் `ஃபான்ட்ஸ்' பகுதிக்குப் போய், தமிழ் எழுத்துருக்களைத் தனி ஃபோல்டரில் காப்பி செய்துகொள்ள வேண்டும். பிறகு, அந்தப் பழைய கம்ப்யூட்டரிலேயே ஒவ்வொரு தமிழ் ஃபைலையும் திறந்து, பி.டி.எஃப். ஆக ஒரு பிரதி சேமித்துவிட வேண்டும். பி.டி.எஃப்-புக்குள் எழுத்துருவும் பதிந்துவிட்டால், எந்தக் கம்ப்யூட்டரிலும் எந்தப் போனிலும் படிக்க முடியும். சேமித்த பிரதியை அந்த எழுத்துரு இல்லாத ஒரு போனில் திறந்து பார்த்தால், சரியாகப் பதிந்திருக்கிறதா என்று தெரிந்துவிடும். திருத்தவோ தேடவோ வேண்டும் என்றால், என்.ஹெச்.எம். கன்வெர்ட்டர் போன்ற எழுத்துரு மாற்றிகள் மூலம் யூனிகோடுக்கு மாற்றிக்கொள்ளலாம். மாற்றிய பிறகும் மூல ஃபைலை அழிக்கக் கூடாது. மாற்றத்தில் ஓரிரு எழுத்துகள் பிசகுவது உண்டு.

பேஜ்மேக்கரில் செய்த கல்யாணப் பத்திரிகை, மலர் போன்றவற்றுக்கு இது இன்னும் அவசியம். அந்த சாஃப்ட்வேரின் கடைசிப் பதிப்பான 7.0 வந்தது 2001-ல். அந்த ஃபைல்களை இன்றைய வேர்டில் திறக்க முடியாது. பழைய கம்ப்யூட்டர் உயிரோடு இருக்கும்போதே பி.டி.எஃப். எடுத்துவிடுவதுதான் புத்திசாலித்தனம்.

எதில் மாற்றுவது?

வீட்டு டேட்டாவுக்கு 1 டி.பி. எக்ஸ்டர்னல் ஹார்ட் டிஸ்க்கோ எஸ்.எஸ்.டி-யோ பெரும்பாலும் போதும். மாற்றிய பிறகு அதுவே ஒரு நிரந்தரப் பிரதியாகவும் இருக்கும். கூகுள் இலவசமாகத் தருவது 15 ஜி.பி.; அதில் ஜிமெயிலும் போட்டோக்களும் அடக்கம். ஒன் டிரைவ் தருவது 5 ஜி.பி. அதோடு, 200 ஜி.பி. டேட்டாவை விநாடிக்கு 20 மெகாபிட் அப்லோடு வேகத்தில் ஏற்றினால், சுமார் 22 மணி நேரம் பிடிக்கும்.

ஹார்ட் டிஸ்க்கை எந்தத் துளையில் செருகுகிறோம் என்பதும் முக்கியம். யு.எஸ்.பி. 3.0 துளைகள் பல கம்ப்யூட்டர்களில் நீல நிறத்தில் இருக்கும். பழைய 2.0 துளையில் இரண்டு மணி நேரம் ஆகும் வேலை, இதில் முக்கால் மணி நேரத்துக்குள் முடியலாம்.

கல்யாண வீடியோ மட்டும் ஏறமாட்டேன் என்று அடம்பிடித்தால், பென் டிரைவ் `ஃபேட் 32' முறையில் இருக்கக்கூடும். அதில் 4 ஜி.பி-க்கு மேற்பட்ட ஒற்றை ஃபைல் ஏறாது. பென் டிரைவில் உள்ளதை வேறிடத்தில் வைத்துவிட்டு, `எக்ஸ்ஃபேட்' முறையில் ஃபார்மேட் செய்தால் ஏறிவிடும்.

பழைய கம்ப்யூட்டர் ஆன் ஆகவே இல்லையா? அதற்காக டேட்டாவும் போய்விட்டது என்று முடிவுகட்ட வேண்டாம். மதர்போர்டு போயிருந்தாலும் ஹார்ட் டிஸ்க் நன்றாக இருக்கலாம். பல லேப்டாப்களில் அதைக் கழற்றி, அதற்கான யு.எஸ்.பி. கேஸில் போட்டு, புது கம்ப்யூட்டரில் இணைக்கலாம். ஆனால், ஹார்ட் டிஸ்க்கிலிருந்து `டிக் டிக்' என்று சத்தம் வந்தால், மீண்டும் மீண்டும் ஆன் செய்து பார்க்காமல் டேட்டா ரெகவரி நிபுணரிடம் கொண்டுபோவதே நல்லது. பிட்லாக்கர் பூட்டு போடப்பட்டிருந்தால் 48 இலக்க ரெகவரி கீ தேவைப்படும். புது லேப்டாப்பில் இந்தப் பூட்டு தானாகவே போடப்பட்டிருக்கலாம் என்பதால், அதன் கீயையும் முதல் நாளே ஒரு டைரியில் எழுதிவைப்பது நல்லது.

காப்பி முடிந்தால் வேலை முடிந்ததா?

இல்லை. முதல் விதி: `கட் - பேஸ்ட்' கூடவே கூடாது, `காப்பி - பேஸ்ட்' மட்டும்தான். நடுவில் கரன்ட் போனாலும் மூலம் அப்படியே இருக்கும்.

இரண்டாவது, எண்ணிப் பார்ப்பது. இரண்டு பக்கமும் ஃபோல்டரின் மேல் ரைட் கிளிக் செய்து, `பிராப்பர்ட்டீஸ்' பார்த்தால், எத்தனை ஃபைல்கள், மொத்த அளவு எவ்வளவு என்று காட்டும். `சைஸ்' என்ற வரியும் எண்ணிக்கையும் ஒத்துப்போக வேண்டும். அடுத்துள்ள `சைஸ் ஆன் டிஸ்க்' என்ற வரி வேறுபட்டால் கவலை இல்லை.

மூன்றாவது, திறந்து பார்ப்பது. இதைத்தான் பலரும் செய்வதில்லை. ஃபைலின் பெயர் வந்துவிட்டது என்பதற்காக ஃபைல் நன்றாக இருக்கிறது என்று சொல்லிவிட முடியாது. ஒவ்வொரு ஃபோல்டரிலும் மிகப் பழையது, மிகப் புதியது, மிகப் பெரியது என மூன்றையாவது திறக்க வேண்டும். வீடியோ என்றால் கடைசி ஒரு நிமிடத்தை ஓட்டிப் பார்க்க வேண்டும்.

நான்காவது, காத்திருப்பது. பழைய கம்ப்யூட்டரை அழிக்காமல், ஒரு மாதமாவது அலமாரியில் வைத்துவிட்டு புதியதிலேயே எல்லா வேலையையும் செய்ய வேண்டும். விட்டுப்போனது எது என்பது வேலை செய்யும்போதுதான் தெரியும். எக்ஸ்சேஞ்சில் கிடைக்கும் தொகை அந்த ஒரு மாதத்தில் சற்றுக் குறையலாம். கையிலிருந்து போன போட்டோவை அந்தத் தொகையைப்போல நூறு மடங்கு கொடுத்தாலும் திரும்ப வாங்க முடியாது.

விடைகொடுக்கும் முன்

ஒரு மாதம் கழித்தும் வெறுமனே `டெலிட்' செய்துவிட்டுக் கொடுக்கக் கூடாது. டெலிட் செய்ததையும், அவசர ஃபார்மேட் செய்ததையும் மீட்க சாஃப்ட்வேர்கள் இருக்கின்றன. விண்டோஸில் `ரீசெட் திஸ் பிசி' பகுதியில் எல்லாவற்றையும் நீக்கும் வழியைத் தேர்ந்தெடுத்து, டிரைவைச் சுத்தப்படுத்தும் வசதியையும் ஆன் செய்ய வேண்டும். அதற்குச் சில மணி நேரம் ஆகலாம். ஆதார் நகலும் பேங்க் ஸ்டேட்மென்ட்டும் இருந்த டிஸ்க் என்பதை நினைத்தால் அந்த நேரம் பெரிதல்ல. விற்க முடியாத நிலையில் இருந்தால் பழைய பேப்பர்காரரிடம் போடாமல், அங்கீகாரம் பெற்ற மின்கழிவு மறுசுழற்சியாளரிடம் சேர்க்க வேண்டும்.

கடைசியாக ஒன்று. பல வீடுகளில் எந்த ஃபைல் எங்கே இருக்கிறது என்பது ஒரே ஒருவருக்குத்தான் தெரியும். அவர் ஊரில் இல்லாத நாளிலோ, உடல்நலம் குன்றிய நாளிலோ, மெடிக்கல் இன்ஷூரன்ஸ் பேப்பருக்காக மொத்தக் குடும்பமும் தவிக்கும். கம்ப்யூட்டர் மாற்றும் இந்த நேரத்தில், வீட்டில் இன்னொருவரையும் பக்கத்தில் உட்காரவைத்து, `வீட்டுப் பத்திரங்கள்', `இன்ஷூரன்ஸ்', `வரி', `போட்டோ' என்று தமிழிலேயே ஃபோல்டர்களுக்குப் பெயர்வைத்து அடுக்கலாம். அடுக்கி முடித்ததும், எக்ஸ்டர்னல் டிஸ்க்கில் உள்ள பிரதியை எப்படித் திறப்பது என்று அவரையே ஒருமுறை செய்து பார்க்கச் சொல்லிவிட்டால் போதும்.